வலிக்கிற முட்டிக்கு வேலை கொடுங்கள்

“ஜவ்வு தேஞ்சுபோச்சும்மா. படி ஏறாதீங்க, கீழே உட்காராதீங்க, ரொம்ப நடக்காதீங்க.” எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தபடி மருத்துவர் இதைச் சொல்லி, ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதி முடிக்க இரண்டு நிமிடம் ஆகிறது. வெளியே வரிசை வாசல்வரை நிற்கிறது. அவரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பும் ஐம்பத்தைந்து வயதுப் பெண் அன்றிலிருந்து நடையைக் குறைக்க ஆரம்பிக்கிறார். முதலில் சாயங்காலம் கோயிலுக்குப் போவது நிற்கிறது. அடுத்து மார்க்கெட். அப்புறம் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்கள். ஒரு வருடத்தில் கட்டில், டிவி, சமையலறை என்று அவருடைய நடமாட்டம் சுருங்கிவிடுகிறது. எடை கூடியிருக்கும், சர்க்கரை ஏறியிருக்கும், தொடைச் சதை வற்றியிருக்கும். வலி மட்டும் குறைந்திருக்காது.

மூட்டுத் தேய்மானம் வந்தால் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளின் மருத்துவ ஆய்வுகள் சொல்வதோ நேர் எதிர். முட்டி வலிக்கு முதல் சிகிச்சை உடற்பயிற்சி. இரண்டாவது, எடை அதிகமிருந்தால் அதைக் குறைப்பது. மூன்றாவது, தன் நோயைப் பற்றி நோயாளி தெரிந்துகொள்வது. மாத்திரையும் ஊசியும் அறுவை சிகிச்சையும் அதற்குப் பிறகுதான். பெரிய செலவில்லாத இந்த மூன்றையும் உட்காரவைத்துச் சொல்லித்தரத்தான் நம் ஊரில் ஆள் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் உலகம் முழுக்க 52.8 கோடிப் பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். அதில் 36.5 கோடிப் பேருக்குப் பாதிப்பு முழங்காலில். பத்தில் ஆறு பேர் பெண்கள். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, பங்கேற்றவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகச் சொன்னது. இவர்களில் பெரும்பாலோருக்கு இது இருபது, முப்பது வருடம் கூடவே வரப்போகிற வலி. அதனால்தான் ‘எப்படிப் போக்குவது’ என்பதைவிட ‘எப்படிக் கட்டுக்குள் வைத்து வாழ்வது’ என்பது பெரிய கேள்வியாகிறது.

எக்ஸ்ரே சொல்வதும் சொல்லாததும்

மூட்டில் இரண்டு எலும்புகளும் சந்திக்கும் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மக்கள் ஜவ்வு என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இந்தக் குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. அது தேய்வது தேய்கிற நேரத்தில் நமக்கு வலிக்காது. வலி வருவது அதைச் சுற்றியிருப்பவற்றிலிருந்து: மூட்டின் உட்சவ்வு வீங்குவதால், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு பாதிக்கப்படுவதால், மூட்டைப் பிடித்திருக்கும் நார்களும் தசைகளும் இழுபடுவதால். மாதக்கணக்கில் வலித்துக்கொண்டே இருந்தால் மூளையும் தண்டுவடமும்கூட வலிக்குப் பழகி, சின்ன அழுத்தத்தையும் பெரிய வலியாகக் காட்டத் தொடங்குகின்றன. சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாள் முட்டி அதிகம் வலிப்பதற்கும், வீட்டில் கவலை கூடும்போது வலி கூடுவதற்கும் காரணம் இதுதான். அதை ‘மனப்பிரமை’ என்று யாரும் ஒதுக்க வேண்டாம். அந்த வலி உண்மையானது.

மான்செஸ்டரைச் சேர்ந்த கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1957-ல் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை உருவாக்கினார்கள். இன்றும் ‘கிரேடு த்ரீ’, ‘கிரேடு ஃபோர்’ என்று ரிப்போர்ட்டில் எழுதுவது அதை வைத்துத்தான். ஆனால் கிரேடு 4 எக்ஸ்ரேயோடு வயல் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிரேடு 2 படத்தோடு படுக்கையைவிட்டு எழத் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். படத்தில் தெரியும் தேய்மானத்துக்கும் உணரும் வலிக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லை. பிரிட்டனில் 2022-ல் வந்த அரசு வழிகாட்டுதல், 45 வயதைத் தாண்டியவருக்கு வேலை செய்யும்போது மூட்டு வலித்து, காலையில் இறுக்கம் இல்லாமலோ அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுவதாகவோ இருந்தால் வழக்கமாக எக்ஸ்ரேயே தேவையில்லை என்கிறது.

வேறு சில அறிகுறிகள் இருந்தால் விஷயம் வேறு. காலை இறுக்கம் மணிக்கணக்கில் நீடித்தால், இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கினால், முட்டி திடீரென்று சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், அடிபட்டதும் காலை ஊன்றவே முடியாமல் போனால், அதைத் தேய்மானக் கணக்கில் எழுதிவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் இல்லை. நாம் காலை ஊன்றும்போது அது பஞ்சுபோல் அழுந்தி, எடுக்கும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சுகிறது. அதற்குச் சாப்பாடு போய்ச் சேரும் வழி அதுதான். நடக்காத காலில் அந்த வழி அடைபடுகிறது. நடந்தால் மிச்சம் இருப்பதும் தேய்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு முதலில் சொல்லிப் புரியவைக்க வேண்டியது இதைத்தான்.

தொடையில் இருக்கிறது மருந்து

முட்டிக்கு மேலே, தொடையின் முன்பக்கம் இருக்கிறது நம் உடம்பின் பெரிய தசைகளில் ஒன்று. படி இறங்கும்போதும் நாற்காலியில் உட்காரும்போதும் உடலின் பாரத்தைப் பிடித்து மெதுவாக இறக்குவது அது. அது பலவீனமானால் அதிர்ச்சி முழுக்க மூட்டில் விழுகிறது. வலிக்கிறது என்று காலை அசைக்காமல் வைத்தால் அந்தத் தசை இன்னும் இளைக்கிறது. இளைத்தால் இன்னும் வலிக்கிறது. இந்தச் சுழலை எந்த இடத்திலாவது அறுக்க வேண்டும். தசையைப் பலப்படுத்துவதுதான் சுலபமாக அறுக்கக்கூடிய இடம்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்பக்கத்தால் அந்தத் துண்டைக் கட்டிலோடு சேர்த்து அழுத்துங்கள். பாதத்தை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். தொடையில் கை வைத்துப் பார்த்தால் தசை இறுகுவது தெரியும். மனதுக்குள் ஐந்து எண்ணி, தளர்த்தி, மறுபடி அழுத்துங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை. எழுபத்தைந்து வயதுக்காரரும், வலி அதிகமான நாளிலும், இதைச் செய்ய முடியும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது.

சில நாள் போனதும் அடுத்தது: நிமிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்பது, மறுபடி மெதுவாக உட்காருவது. தொப்பென்று விழக் கூடாது. இறங்கும்போதுதான் தசைக்கு அதிக வேலை. கஷ்டமாக இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பலம் வந்ததும் தலையணையை எடுத்துவிடலாம். நம் பாட்டிமார் தரையில் உட்கார்ந்து எழுந்து ஒரு நாளில் எத்தனையோ முறை தங்களையறியாமல் செய்த வேலை இது.

பயிற்சி செய்தால் வலிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் சில வாரம் கொஞ்சம் வலிக்கும். எவ்வளவு வரை சரி என்பதற்கு டென்மார்க்கில் ஓர் எளிய அளவு வைத்திருக்கிறார்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாதது 10. பயிற்சியின்போது 2 வரை கவலையே வேண்டாம். 5 வரை ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பயிற்சியின் அளவைக் குறைக்க வேண்டும். கூடிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பிவிட்டால் மூட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை என்று அர்த்தம். இந்த ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

ஈவா ரூஸ், சோரன் ஸ்கோ என்ற இரு பிசியோதெரபி ஆய்வாளர்கள் 2013-ல் டென்மார்க்கில் தொடங்கிய திட்டத்தில் மந்திரம் எதுவும் இல்லை. நோயைப் பற்றி இரண்டு வகுப்பு. பிறகு குழுவாகச் சேர்ந்து 12 பயிற்சி வகுப்பு, வாரம் இரண்டு வீதம். அது இன்று கனடா, ஆஸ்திரேலியா, சீனா என்று பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. குழுவாகச் செய்வதில் ஒரு பலம் உண்டு. பக்கத்து நாற்காலியில் இருக்கும் அக்கா, “எனக்கும் முதல் வாரம் இப்படித்தான் வலிச்சுது, விட்டுடாதீங்க” என்று சொல்வதை எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாது.

எடையைப் பற்றி வலியோடு இருப்பவரிடம் பேசும்போது குற்றம் சாட்டுகிற தொனி வரக் கூடாது. கணக்கை மட்டும் சொன்னால் போதும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரத்தில் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் ஸ்டீஃபன் மெஸ்ஸியர் குழுவினர் அளந்து காட்டினார்கள். ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ. அதே குழு 454 பேரை ஒன்றரை ஆண்டு கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. நம் சமையலறையில் இதற்குத் தனி டயட் சார்ட் தேவையில்லை. ராத்திரிச் சாதத்தைப் பாதியாக்குவது, ஒரு நாளில் நான்கு முறை குடிக்கும் டீயில் சர்க்கரையை விடுவது, பருப்பும் முட்டையும் சுண்டலும் கூட்டுவது போதும். தசை வளரப் புரதம் வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சக் குழம்பில் சாப்பிட்டு முடிக்கும் அம்மாக்களுக்கு அதுதான் கிடைப்பதில்லை.

மெடிக்கல் ஷாப் மாத்திரை

“தம்பி, முட்டி வலிக்கு அன்னைக்குக் குடுத்தியே, அந்த ரோஸ் மாத்திரை நாலு குடுப்பா.” எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் இந்தக் குரலைக் கேட்கலாம். அந்தத் தம்பியும் அட்டையிலிருந்து நான்கை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார். மாத்திரையின் பெயர் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் அது டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக்.

இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு என்ன ஆனது என்பதை இங்கே சொல்ல வேண்டும். வலிக்காக மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. லட்சக்கணக்கில் இருந்த வெண்முதுகுக் கழுகுகளில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. காரணம் 2004-ல் தெரிந்து, 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை அரசு தடை செய்தது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்று மிஞ்சியிருப்பவற்றைப் பாதுகாக்கப் படாதபாடு படுகிறார்கள். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அவ்வளவு மென்மையானது இல்லை. ஆனாலும் இந்த வகை மாத்திரைகள் நம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைக்கின்றன. இரைப்பையில் புண்ணை உண்டாக்குகின்றன, ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன, இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தைக் கூட்டுகின்றன. பி.பி. மாத்திரையும் நீர் பிரிய மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்து மாதக்கணக்கில் விழுங்கினால், சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி.

அதற்காக வலி மாத்திரையே கூடாது என்பதல்ல. வலி மிகுந்து நிற்கும் நாட்களில் மருத்துவர் சொன்ன அளவில், குறைந்த நாளுக்கு, வயிற்றுக்குப் பாதுகாப்போடு எடுக்கலாம். அதற்கு முன் முயல வேண்டியது அதே டைக்ளோஃபினாக்கின் ஜெல். முழங்கால் தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டு என்பதால் மேலே தடவும் மருந்து உள்ளே போகிறது. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மிளகாயின் காரத்திலிருந்து எடுக்கும் கேப்சைசின் களிம்பும் சிலருக்குக் கேட்கிறது. அந்தக் காரத்தை நரம்பு எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வெந்நீர் ஒத்தடமும் வீட்டுத் தைலமும் இறுக்கத்தைத் தளர்த்தும்; பயிற்சிக்கு முன் போட்டுக்கொண்டால் கால் இணங்கி வரும். பெயரும் தயாரிப்பாளரும் இல்லாத பொட்டலத்தில் கொடுக்கும் சூரணம் வேண்டவே வேண்டாம். ‘ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டது’ என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டிவியில் வரும் மற்ற நம்பிக்கைகளையும் பார்த்துவிடலாம். குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் மாத்திரைகளை 1,583 பேரிடம் சோதித்து 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மொத்தத்தில் அவை வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி மேலாக வேலை செய்யவில்லை. சொந்த ரத்தத்தை எடுத்துச் சுத்திகரித்து முட்டியில் போடும் பி.ஆர்.பி. ஊசியை 2021-ல் ஆஸ்திரேலியர்கள் வெறும் உப்பு நீர் ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு ஆண்டு போட்டுப் பார்த்த ஆய்வில் வலியும் குறையவில்லை, குருத்தெலும்பும் கூடுதலாகக் கரைந்தது. துளையிட்டு மூட்டைக் கழுவும் அறுவை சிகிச்சையை ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் சோதித்தபோது, சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து இரு தரப்பும் ஒன்றாகவே இருந்தன. 2002-ல் அந்த முடிவு வந்த பிறகும், நகையை அடகு வைத்து இவற்றுக்குச் செலவழிக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

வீட்டுக்குள் மாற்ற வேண்டியவை

ஊன்றுகோலை வலிக்கிற காலின் பக்கம் பிடிப்பதுதான் வழக்கம். எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கையில் கோல். வலது காலும் கோலும் சேர்ந்து முன்னால் போக வேண்டும். கோலின் பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கழிப்பறையில் குத்துக்கால் போட முடியாதவர்களுக்கு, மேலே போடும் நாற்காலி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. சுவரில் ஒரு கைப்பிடியும் பதித்துவிட்டால் ராத்திரி எழுந்து போகும் பயம் போகும்.

சம்மணம் போட்டு உட்காருவதை வாழ்நாள் முழுக்க விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வலி கூடிய வாரங்களில் விடலாம். பலம் திரும்பியதும், பயிற்சியாளரின் உதவியோடு மெதுவாக மறுபடி பழகலாம். பூ கட்டுகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், இட்லிக் கடை வைத்திருப்பவர் ஆகியோரிடம் ‘கீழே உட்காராதே, நிற்காதே’ என்றால் வேலையை விடு என்று சொன்ன மாதிரிதான் அர்த்தம். அவர்களுக்கு வேறு யோசனை தேவை: வேலையை இருபது, முப்பது நிமிடத் துண்டுகளாக்குவது, உயரமான முக்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவது, தண்ணீர்க் குடத்தைப் பாதி பாதியாக எடுப்பது. முழுக் குடத்தை எடுத்து வைக்க வீட்டில் ஆம்பளைகள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களும் கொஞ்சம் எழுந்து வரட்டும்.

வலி கொஞ்சம் குறைந்த நாளில் விட்டதையெல்லாம் சேர்த்துச் செய்வதும், மறுநாள் இரண்டு முட்டியும் வீங்கிப் படுப்பதும் பலருக்கு வழக்கம். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு நடப்பதுதான் நீடிக்கும்.

எப்போது அறுவை சிகிச்சை?

அன்றைய பிரதமர் வாஜ்பாய்க்கு 2000-ல் இடது முழங்காலையும் 2001-ல் வலது முழங்காலையும் மும்பையில் மாற்றினார் டாக்டர் சித்தரஞ்சன் ரனாவத். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்ற ஒன்று இந்திய வீடுகளில் பேச்சாகப் புழங்கத் தொடங்கியது அப்போதுதான். 2017-ல் மத்திய அரசு செயற்கை மூட்டுகளின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு அப்போது 54,720 ரூபாய்க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

பயிற்சியை முறையாகச் செய்தும், எடையைக் குறைத்தும், வலி தூக்கத்தைக் கெடுத்து அன்றாட வேலையை நிறுத்துகிறது என்றால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அது நல்ல சிகிச்சை. செயற்கை முழங்கால்களில் பத்தில் எட்டு 25 ஆண்டு தாங்குகின்றன. டென்மார்க்கில் 100 பேரை இரண்டாகப் பிரித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மூட்டு மாற்றியவர்களுக்கு முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து என்று போன 50 பேரில் 13 பேர் மட்டுமே அந்த ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். மாற்றிய பிறகும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலி மிஞ்சுகிறது என்பதையும் கையெழுத்துப் போடும் முன் சொல்ல வேண்டும். தொடையைப் பலப்படுத்திக்கொண்டு போகிறவர் சீக்கிரம் எழுந்து நடக்கிறார். அதனால் பயிற்சி எந்த வழியிலும் வீணாகாது.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. நடமாட முடியாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதன் அடுத்த படியாக, இன்னும் நடக்க முடிகிறவர்கள் முடங்கிப்போகும் முன் அவர்களுக்குக் குழு வகுப்புகள் வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழும் வாரம் இரண்டு முறை, ஒரு பிசியோதெரபிஸ்ட், கை வைக்காத பன்னிரண்டு நாற்காலி, ஆறு வாரம். ஸ்கேன் மிஷின் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். ஊர்ச் சமுதாயக் கூடம் போதும்.

அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்கும்போது, “எனக்கு எக்ஸர்சைஸ் சொல்லித்தர அங்க எழுதிக் குடுங்க டாக்டர்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமும் கேளுங்கள். அம்மாவை அழைத்துப்போகிற மகனோ மகளோ, அந்தப் பயிற்சிகளை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்து, முதல் ஆறு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே செய்யுங்கள்.